கூரையை மாற்றினோம், வழியை மாற்றினோமா?

1/ ஜூலை மாதம் வந்தால் கும்பகோணத்தைப் பற்றி நாலு நாள் பேசுவோம். அப்புறம் அடுத்த ஜூலைதான். அதனால் ஜூலைக்குக் காத்திருக்காமல் இப்பவே எழுதுறேன். நீளமான இழை. வீட்டில் பள்ளிக்கோ, அங்கன்வாடிக்கோ, ப்ளே ஸ்கூலுக்கோ போகிற பிள்ளை இருந்தால் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. பாதியில் மருத்துவம் வரும், கடைசியில் நீங்க செய்ய வேண்டிய வேலையும் வரும்.

2/ முதலில் ஒரு கேள்வி. கும்பகோணம் பள்ளியில் அத்தனை குழந்தைகள் எதனால் இறந்தார்கள்? யாரைக் கேட்டாலும் "கீற்றுக் கூரை" என்பார்கள். தப்பில்லை. ஆனால் அது பாதி பதில்தான். மீதிப் பாதியை நாம் பேசுவதே இல்லை. இந்த இழை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

3/ 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான பிள்ளைகள். கீழே சத்துணவு சமைக்கிற இடம். அதற்குக் கீற்றுக் கூரை. மாடியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் கீற்றுக் கூரை.

4/ காலை வகுப்பு நேரம். அடுப்பிலிருந்து கிளம்பிய தீ சமையல் கொட்டகைக் கூரையைப் பிடித்தது. அங்கிருந்து மாடிக் கூரைக்குத் தாவியது. காய்ந்த தென்னங்கீற்றும் மூங்கிலும் எரிகிற வேகம் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தேடி ஓடுகிறதுக்குள் கொட்டகை இருக்காது. அப்படி எரிந்த கூரை, கீழே இருந்த பிள்ளைகள் மேலேயே இடிந்து விழுந்தது.

5/ கீழே இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். காலையில் தலை வாரி, பவுடர் போட்டு, பை மாட்டி அனுப்பப்பட்ட பிள்ளைகள். எங்கள் பிள்ளை எது என்று அடையாளம் காணவே பெற்றோர் பலர் தவித்தார்கள். இதற்கு மேல் அந்தக் காட்சியை விவரிக்கப் போவதில்லை. தேவையும் இல்லை.

6/ இப்போ ஒரு மருத்துவரா கொஞ்சம் பேசுறேன். தீ விபத்து என்றால் நெருப்புதான் கொல்லும் என்று நினைக்கிறோம். பல கட்டடத் தீ விபத்துகளில் நெருப்புக்கு முன்னாடியே புகை வேலையை முடித்துவிடும். எரியும் பொருளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் போகாது. முதலில் தலை சுற்றும், குழப்பம் வரும், பிறகு கால் தளரும்.

7/ குழந்தைக்கு இது இன்னும் மோசம். நமக்கு நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 16 மூச்சு. ஆறு வயசுப் பிள்ளைக்கு 20-க்கு மேல். பயந்து அழுதால் இன்னும் கூடும். அதே அறையில் அதே நேரம் நின்றாலும், உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் பிள்ளை உள்ளே இழுக்கிற விஷம் அதிகம். மூச்சுக்குழாயும் சிறியது. சூட்டில் கொஞ்சம் வீங்கினாலே அடைத்துவிடும்.

8/ தோலும் மெல்லியது. பெரியவருக்குக் கொப்புளம் போடுகிற சூடு, பிள்ளைக்கு ஆழமாக வேகும். உடம்பின் மேற்பரப்பில் நம் தலையின் பங்கு சுமார் 9 சதவீதம். பச்சைக் குழந்தைக்கு அது 18. வளர வளரத்தான் குறையும். மேலிருந்து எரிகிற கீற்று விழுந்தால் முதலில் படுவது எது? தலைதான்.

9/ இன்னொரு விஷயம், பெற்றோர் பலருக்குத் தெரியாதது. தீயைக் கண்டால் பெரியவர் ஓடுவார். சின்னப் பிள்ளை பல நேரம் ஓடாது, ஒளிந்துகொள்ளும். பெஞ்சுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அறை மூலையில். கண்ணை மூடிக்கொண்டால் பயம் போய்விடும் என்கிற வயசு அது. அதனால்தான் "நெருப்புன்னா பிள்ளைங்க தானா ஓடிடும்" என்கிற நம்பிக்கை ஆபத்தானது. வழியும் வேண்டும், கையைப் பிடித்து அழைத்துப்போக ஆளும் வேண்டும், முன்கூட்டியே பழக்கமும் வேண்டும்.

10/ சரி, வரலாற்றுக்கு வருவோம். கும்பகோணம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்த விபத்தா? இல்லை. அதற்கு முந்தைய ஏழு வருடத்தைத் திரும்பிப் பாருங்க.

11/ 1997 ஜூன். தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தலில் தீ. நெரிசல். 48 பேர் இறந்தார்கள். கும்பகோணத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

12/ 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகம். அதுவும் கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை.

13/ 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கம். மாடியில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். தீ. மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் துக்கச் செய்தி அடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலையில் கும்பகோணம்.

14/ நான்கும் சேர்த்துப் பாருங்க. எரிந்த பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இன்னொன்றும் பொதுவாக இருக்கிறது. நிறைய பேர் ஒரே இடத்தில், வெளியேற வழி போதாமல். பந்தலில் நெரிசல், கொட்டகையில் சங்கிலி, மாடியில் படிக்கட்டு. பெயர்தான் வேற. ஒவ்வொரு முறையும் "இனி இப்படி நடக்காது" என்றோம். அறிக்கை வந்தது, நஷ்டஈடு அறிவித்தார்கள், அடுத்த இடம் எரிந்தது.

15/ கீற்றுக் கூரை போட்டவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடணும். தென்னை விளைகிற ஊரில் கீற்றுதான் ஏழையின் கூரை. வெயிலுக்குக் குளிர்ச்சி, விலை மலிவு. நம்மில் எத்தனை பேர் அந்தக் கூரைக்குக் கீழே அ, ஆ படித்திருப்போம்? எத்தனையோ கிராமங்களில் பள்ளிக்கூடம் முதலில் வந்ததே கீற்றுக் கொட்டகையாகத்தான். பிரச்சினை, அந்தக் கூரையை மாடியில் போட்டு, கீழே அடுப்பு வைத்து, நடுவில் பிள்ளைகளைக் கூட்டமாக உட்கார வைத்ததுதான்.

16/ அந்த அடுப்புக்கும் ஒரு வரலாறு இருக்கு. காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு. பசித்த வயிற்றோடு இருந்த தலைமுறைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த அடுப்பு அது. ஒரு மருத்துவராகச் சொல்கிறேன், இந்த மாநிலத்துக் குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கு அந்தத் திட்டம் செய்ததைச் சாதாரணமாக எடைபோட முடியாது. சோறு போட இடம் ஒதுக்கியபோது, அந்த அடுப்பு வகுப்பறையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும் என்று கும்பகோணத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை. பின்னாளில் மத்திய அரசின் மதிய உணவு வழிகாட்டுதல்களில், சமையலறை வகுப்பறையிலிருந்து தனியாக, பாதுகாப்பான தூரத்தில் இருக்கணும் என்று எழுதினார்கள்.

17/ "யாரும் பார்க்கவில்லை" என்றேன். உண்மையில் பார்க்க வேண்டியவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தது. கட்டடத்துக்குச் சான்று இருந்தது. கல்வித் துறையின் கோப்பில் அந்தப் பள்ளி ஒழுங்கான பள்ளி. காகிதத்தில் பாதுகாப்பாக இருந்த கட்டடத்தில்தான் 94 குழந்தைகள் இறந்தார்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு இப்போ என்னோடு கொஞ்சம் தூரமாக வாங்க. கும்பகோணத்துக்கு 46 வருடம் முன்னால், அமெரிக்காவில் சிகாகோ நகரம்.

18/ 1958 டிசம்பர் 1. 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' என்ற கத்தோலிக்கப் பள்ளி. கீற்று இல்லை. செங்கல் கட்டடம், இரண்டு மாடி. பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடித்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்த குப்பைத் தொட்டியில் தீ. படிக்கட்டு ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்தது. கீழ்த்தளத்தில் படிக்கட்டை மறிக்கும் கதவு இருந்தது. மேல்தளத்தில் இல்லை. புகை நேராக மேலே ஏறி நடைபாதையை நிரப்பியது.

19/ மேல்தள வகுப்புகளில் இருந்தவர்கள் கதவைத் திறந்தபோது எதிரில் கறுப்புப் புகை. போக இன்னொரு வழி இல்லை. ஜன்னல்தான். ஜன்னல் விளிம்பு சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். எட்டியவர்கள் மேலிருந்து குதித்தார்கள். தீயணைப்பு வண்டி முதலில் பக்கத்துத் தெரு முகவரிக்குப் போனது, ஏனென்றால் தொலைபேசியில் அந்த முகவரிதான் சொல்லப்பட்டது. பள்ளியின் எச்சரிக்கை மணிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் இணைப்பே கிடையாது. சரியான இடத்துக்கு வந்தபோது, பிள்ளைகள் மாட்டியிருந்த ஜன்னல்களுக்குக் கீழே இருந்த முற்றத்தின் இரும்புக் கேட் பூட்டிக் கிடந்தது. அதை உடைக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒவ்வொரு விநாடியும் ஒரு பிள்ளை.

20/ 92 குழந்தைகள், 3 கன்னியாஸ்திரி ஆசிரியைகள். மொத்தம் 95. கும்பகோணத்தின் எண்ணிக்கையோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதை முதல்முறை படித்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது.

21/ இதைவிட முக்கியமான ஒற்றுமை இன்னொன்று. அந்தப் பள்ளி சில வாரங்களுக்கு முன்புதான் தீயணைப்புத் துறை ஆய்வில் தேறியிருந்தது. எப்படி? புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது, ஏற்கனவே இருக்கும் பழைய கட்டடங்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அதாவது அந்தக் கட்டடம் சட்டத்தை மீறவே இல்லை. சட்டப்படி சரியான கட்டடத்தில்தான் அத்தனை பிள்ளைகளும் போனார்கள். அங்கேயும் காகிதம் சரி. வழிதான் இல்லை.

22/ அதற்கப்புறம் அவர்கள் செய்ததைக் கவனியுங்க. "எது எரிந்தது" என்று மட்டும் கேட்கவில்லை. "பிள்ளைகள் ஏன் வெளியே வர முடியவில்லை" என்று கேட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை மறு வருடமே ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் வேண்டுமென்றே தீ மூட்டி, புகை எப்படிப் போகிறது, எவ்வளவு நேரத்தில் வழி அடைபடுகிறது என்று சோதித்துப் பார்த்தது. படிக்கட்டுகளுக்குக் கதவு, தண்ணீர் தெளிப்பான், தீயணைப்பு நிலையத்தோடு நேரடியாக இணைந்த மணி, கட்டாயப் பயிற்சி என்று நாடு முழுக்க பழைய பள்ளிகளைச் சரிசெய்தார்கள். அந்த அளவில் இன்னொரு பள்ளித் தீ விபத்து அதற்குப் பின் அங்கே நடக்கவில்லை. (அவங்க பள்ளிகளில் துப்பாக்கி விஷயம் வேற கதை. எல்லாத்திலும் அவங்க உசத்தி என்று சொல்ல வரவில்லை.)

23/ நாம் என்ன செய்தோம்? நியாயமாகச் சொல்லணும், எதுவும் செய்யாமல் இல்லை. பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உடனடியாக உத்தரவிட்டது. அது நடந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கீற்றுக் கூரைக்குக் கீழே வகுப்பு நடப்பதைப் பார்ப்பது அபூர்வம். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம் எல்லாம் கறாராகக் கேட்கப்பட்டன.

24/ உச்ச நீதிமன்றமும் பேசியது. கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கிற உரிமையும் அதற்குள் அடக்கம் என்றது. தேசியக் கட்டட விதிகளை ஒட்டிக் கட்டடம் இருக்கணும், தீயணைப்பான் இருக்கணும், அதை இயக்க ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி இருக்கணும் என்றது. அதாவது பாதுகாப்பைக் கேட்பது உங்கள் உரிமை. பள்ளி நமக்குச் செய்கிற தயவு இல்லை.

25/ குற்ற வழக்கு? பத்து வருடம் ஆனது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. தண்டனை பெற்றவர்களில் பள்ளி நிறுவனர், சத்துணவுப் பணியாளர்கள், கல்வித் துறை அலுவலர்கள், ஒரு பொறியாளர் எல்லாம் இருந்தார்கள். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதிலும் பலரை விடுவித்தது, நிறுவனரின் ஆயுள் தண்டனையை அனுபவித்த காலமாகக் குறைத்தது. நஷ்டஈட்டுக்காகப் பெற்றோர் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஒவ்வொரு ஜூலை 16-ம் அந்தப் பள்ளி வாசலில் பிள்ளைகளின் படங்களை வைத்து, பிடித்த தின்பண்டத்தை வைத்து அழுகிறார்கள். அந்தப் படங்களில் இருக்கிற பிள்ளைகளுக்கு வயசு ஏறவே இல்லை.

26/ ஆக, கூரை போச்சு. ஆனால் கூரைதான் எதிரி என்று முடிவுகட்டிவிட்டதில் ஒரு சிக்கல் இருக்கு. கூரை கண்ணுக்குத் தெரியும். பிரித்துப் போட்டால் வேலை முடிந்தது, போட்டோ எடுக்கலாம், அறிக்கை அனுப்பலாம். வழி அப்படி இல்லை. இன்றைக்குத் திறந்திருக்கும், நாளைக்கு யாரோ பூட்டுவார்கள், மறுநாள் உடைந்த பெஞ்சு அடுக்குவார்கள். அதைத் தினமும் பார்த்தால்தான் உண்டு.

27/ கீற்று இல்லாமலேயே கும்பகோணம் திரும்ப நடக்கும் என்பதற்குச் சாட்சி வேணுமா? 2019 மே 24, சூரத். தட்சசீலா ஆர்கேட் என்ற வணிகக் கட்டடம். மொட்டை மாடியில் கொட்டகை போட்டுப் பயிற்சி வகுப்புகள். கீழே பிடித்த தீ மேலே ஏறியது. இறங்கும் படிக்கட்டு எரிந்தது. பிள்ளைகள் மேலிருந்து குதித்ததை நாடே செல்போனில் பார்த்தது. 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் மாணவர்கள். கீற்று இல்லை. பதினைந்து வருடம் கழித்து, அதே மாடி, அதே கூட்டம், அதே ஒற்றை வழி.

28/ இப்போ என் சொந்த அனுபவம் ஒன்று. என் மகள் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவள் வகுப்பு இரண்டாவது மாடி. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு. அப்பாடா என்று பின்படிக்கட்டில் இறங்கிப் பார்த்தேன். கீழே கிரில் கேட். கேட்டில் பூட்டு. கேட்டை ஒட்டி உடைந்த பெஞ்சுகள். சாவி எங்கே என்று கேட்டேன். வாட்ச்மேனிடம் என்றார்கள். வாட்ச்மேன் எங்கே? டீ குடிக்கப் போயிருந்தார்.

29/ அங்கிருந்த ஆசிரியை சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "பாதுகாப்புக்காகத்தான் டாக்டர் பூட்டி வெச்சிருக்கோம்." அவங்க பொய் சொல்லவில்லை. வெளியாள் உள்ளே வந்துவிடக் கூடாது, பிள்ளை தெருவுக்கு ஓடிவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு எதிரான கொடுமைகளைத் தினமும் செய்தியில் பார்க்கிற நாம்தான் "கேட்டைப் பூட்டுங்க, கேமரா வையுங்க" என்று கேட்டோம். நாம் கேட்ட ஒரு பாதுகாப்பு, இன்னொரு பாதுகாப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சிகாகோவின் அந்த இரும்புக் கேட்டையும் யாரோ நல்ல எண்ணத்தில்தான் பூட்டியிருப்பார்கள்.

30/ கூட்டத்தில் எழுந்து கேட்டேன். முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். இன்னும் நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டதும் விஷயம் நகர்ந்தது. பெஞ்சுகள் போயின. பள்ளி நேரத்தில் அந்தக் கேட்டுக்குப் பூட்டு கிடையாது, உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும், ஒரு ஆயாவும் அங்கே உட்கார்கிறார். பெரிய செலவு எதுவும் இல்லை. வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது, உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இரண்டு பாதுகாப்பும் சேர்ந்தே இருக்க முடியும்.

31/ சரி, நீங்க என்ன பார்க்கணும்? முதலாவது, உங்கள் பிள்ளையின் வகுப்பறை வாசலில் நின்று, வெளியேற இரண்டு தனித்தனி வழிகள் இருக்கா என்று பாருங்க. இரண்டிலும் கீழே வரைக்கும் நடந்து பாருங்க. சைக்கிள், ஷூ ரேக், பழைய மேஜை எதுவும் வழியில் இருக்கக் கூடாது. வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும். கூட்டம் நெருக்கும்போது உள்பக்கமாக இழுத்துத் திறக்க வேண்டிய கதவு சுவராகிவிடும்.

32/ இரண்டாவது, பூட்டு. பள்ளி நடக்கும் நேரத்தில் எந்த வழியும் சாவி தேடித் திறக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

33/ மூன்றாவது, பயிற்சி. தலைமை ஆசிரியரைக் கேட்டால் "நடத்துறோம் சார்" என்பார். பிள்ளையைக் கேளுங்க. "நெருப்பு மணி அடிச்சா நீ எங்க போய் நிப்பே?" பிள்ளை உடனே "வேப்பமரத்துக்கிட்ட வரிசையா நிப்போம்" என்று சொன்னால் பயிற்சி நடக்கிறது. முழித்தால் நடக்கவில்லை. கும்பகோணத்துக்குப் பிறகு ஆசிரியர்கள் மேல் ஊரே கோபப்பட்டது. புரிகிறது. ஆனால் நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்யணும் என்று நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? பழகாத காரியத்தைப் பதற்றத்தில் யாராலும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் நாங்களும் அப்படித்தான், ஒத்திகை பார்த்ததைத்தான் அவசரத்தில் செய்கிறோம்.

34/ நான்காவது, எரியக்கூடியவை. சமையலறை, கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், மின்சாரப் பெட்டி எல்லாம் படிக்கட்டுக்குக் கீழேயோ வகுப்பறையை ஒட்டியோ இருக்கா? சிகாகோவில் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது வெறும் குப்பைத் தொட்டிதான். தீயணைப்பான் சுவரில் மாட்டியிருந்தால் மட்டும் போதாது. அதில் ஒட்டியிருக்கிற தேதியைப் பாருங்க, ஆசிரியர் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்க.

35/ ஐந்தாவது, ப்ளே ஸ்கூல், குழந்தைகள் காப்பகம். இங்கேதான் எனக்குப் பயம் அதிகம். கடைக்கு மேல் மாடியில், வீட்டு அறைகளைத் தடுத்து நடத்துகிறார்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு வரிசையில் இறங்கத் தெரியாது. தூக்கித்தான் வரணும். ஒரு ஆயாவால் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளைத் தூக்க முடியும்? இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. தரைத்தளத்தில் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்க. தூங்கும் அறையின் கதவை வெளியிலிருந்து பூட்டுவார்களா என்று கண்டிப்பாகக் கேளுங்க.

36/ ஆறாவது, ஆண்டு விழா. 1995 டிசம்பர் 23, ஹரியானாவின் தப்வாலி. ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா, துணிப் பந்தல், தீ. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். எனவே பிள்ளை மேடையில் ஆடுவதை வீடியோ எடுக்கும் முன், ஷாமியானா பந்தலில் எத்தனை பக்கம் திறந்திருக்கு என்று ஒருமுறை திரும்பிப் பாருங்க.

37/ கடைசியாகக் கொஞ்சம் முதலுதவி. உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நில், படு, உருள். பிள்ளைக்கு இதை விளையாட்டாகவே பழக்குங்க. புகையில் நிமிர்ந்து ஓடாமல் குனிந்தோ தவழ்ந்தோ வரணும், சுவாசிக்கக்கூடிய காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். தீக்காயத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்க. ஐஸ், பேனா மை, பற்பசை, தோசை மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அழைத்து வாங்க. காயம் பெரிதாக இருந்தால் மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்துங்க.

38/ காயமே இல்லை, ஆனால் புகையில் மாட்டிய பிள்ளை என்றால்? குரல் கம்மியிருக்கா, மூக்கில் கரி இருக்கா, இருமல், தூக்கக் கலக்கம் இருக்கா? "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீங்க. மூச்சுக்குழாய் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆக்சிஜன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே வாங்க. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101.

39/ ஒரு மருத்துவராக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தீக்காய வார்டில் நாங்கள் என்ன செய்தாலும் அது தாமதமான உதவிதான். ஆழமாக வெந்த பிள்ளையை நாங்கள் காப்பாற்றுவது மாதக்கணக்கான போராட்டம். வகுப்பறையிலிருந்து வாசலுக்கு வருகிற அந்த இரண்டு நிமிடத்தில் ஆகக்கூடிய வேலையை எந்த ஆஸ்பத்திரியும் திரும்பச் செய்துவிட முடியாது.

40/ அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பிள்ளையை விடப் போகும்போது வாசலோடு திரும்பிவிடாதீங்க. பத்து நிமிடம் கேட்டு வாங்கி, மேலே போய், இரண்டாவது படிக்கட்டு வழியாக இறங்கிப் பாருங்க. கேட் திறந்திருந்தால் அந்தப் பள்ளிக்கு மனசார நன்றி சொல்லுங்க. பூட்டியிருந்தால் சண்டை வேண்டாம், நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்க. இரவு வீட்டில் பிள்ளையிடம், "மணி அடிச்சா எங்க போய் நிப்பே?" என்று கேளுங்க. என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்க. நான் படிப்பேன்.